ஆளுக்கொரு காது, ஆளுக்கொரு தீர்ப்பு!

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் வீட்டில் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள். அதையாவது எப்படியோ சமாளித்துவிடலாம். உள்ளங்கை அகலத்தில், கம்பியே இல்லாமல், கைபேசியில் இருக்கும் பாட்டை வாங்கிப் பாடுகிறதே ஒரு சின்ன ஸ்பீக்கர், அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள்! "அபாரம்" என்பார் ஒருவர். "தகர டப்பா" என்பார் இன்னொருவர். சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை விலை சொல்கிறார்கள். யார் பேச்சை நம்பி வாங்குவது?

நான் வாக்கப்பட்ட ஊர் மேலூருக்குப் பக்கத்தில் உள்ள திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். இறைவன் தன் காற்சிலம்பின் ஓசையை இங்கேதான் கேட்கச் செய்தார் என்ற செய்தி திருவாசகத்திலேயே, கீர்த்தித் திருவகவலில் வருகிறது. ஓசைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஸ்பீக்கர் விஷயத்தைச் சும்மா விட முடியுமா? கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நாலு கட்சி

போன வருஷம் மகன் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். அன்றைக்கே வீட்டில் நாலு கட்சி உண்டாகிவிட்டது.

"பேஸ் எப்படி இறங்குது பாருங்கம்மா!" இது மகன்.

"எங்க அப்பா வச்சிருந்த வால்வு ரேடியோவுல டி.எம்.எஸ். பாடினா கூடமே நிறைஞ்சிருக்கும். அந்தச் சுகம் இதுல எங்கே இருக்கு?" இது எங்க வீட்டுக்காரர்.

"பாட்டுக் கேக்குது தாயி, வார்த்தைதான் கேக்கலை." இது என் மாமியார். வயது எழுபத்தெட்டு.

"முதல்ல சத்தத்தைக் குறைங்க. பிள்ளை இப்பத்தான் கண் அசந்திருக்கு." இது பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள்.

நாலு பேரும் கேட்டது ஒரே ஸ்பீக்கரைத்தான். ஒவ்வொருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை!

பெட்டி சிறிசு, பாட்டு பெரிசு

முதலில் என் வீட்டுக்காரர் கட்சி. ஹை-ஃபை என்றால் பாடியதைப் பாடியபடியே தருவது என்று பொருள். நல்ல காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் கீழ்ப்பகுதி அடர்ந்த, கனத்த ஓசை. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் 'தொம்' என்று விழுகிறதே, அந்த ஜாதி. அதைத் தரவேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பழைய ரேடியோவில் பெரிய மரப்பெட்டியும் அகலமான ஸ்பீக்கரும் இருந்தன. கையடக்கப் பெட்டியில் இருப்பது அப்பளப் பூ அளவு வட்டம்தான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அது திணறும்.

அப்படியானால் மகன் கேட்ட பேஸ் எங்கிருந்து வந்தது? இதற்குச் சில உபாயங்கள் செய்கிறார்கள். பல பெட்டிகளின் இரு முனையிலும் தோல் போல அதிரும் ஒரு வட்டம் இருக்கும். அதற்கு மின்சாரம் கிடையாது. மிருதங்கத்தில் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கத் தோலும் அதிர்கிறதல்லவா? அதே மாதிரி உள்ளே இருக்கும் காற்று தள்ள, இதுவும் அதிர்ந்து அடி ஓசையைக் கூட்டுகிறது.

இன்னொரு உபாயம் நம் மூளையே செய்வது. பழைய தொலைபேசி சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஓசையைக் கடத்தியது. ஆண் குரலின் அடிச்சுருதி அதற்கு வெகு கீழே. ஆனாலும் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தானே கேட்டோம்? மேல் ஓசைகளை வைத்து, இல்லாத அடியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கர் செய்பவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

வைக்கிற இடமும் ஒரு காரணம். மகன் அதை அலமாரி மூலையில் வைத்திருந்தான். இரண்டு சுவர் கூடும் மூலையில் அடி ஓசை கூடிக் கேட்கும். அதையே முற்றத்துத் திண்ணைக்கு எடுத்துப்போனால் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை, பாட்டு மெலிந்துவிடும். ஒரே ஸ்பீக்கரை மகன் அறையில் கேட்டுப் புகழ்ந்தான், அவர் திண்ணையில் கேட்டுக் குறை சொன்னார்!

சத்தம் கூடினால் சுகம் கூடுமா?

கடையில் இரண்டு ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடவிட்டால், கொஞ்சம் சத்தமாகப் பாடுவதுதான் நல்லது என்று தோன்றும். 1933-லேயே அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் இதன் காரணத்தைக் காட்டினார்கள். சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடி ஓசை மற்றதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. சத்தம் கூடினால் பாட்டு நிறைவாகத் தெரிகிறது. ஆகவே இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இங்கேதான் மகள் கட்சி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட நெறிமுறையில், பாட்டுக் கருவிகளைப் பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் போதும் என்றும் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கருவியெல்லாம் வைத்து அளக்க வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். தாலாட்டுப் போடுகிறேன் என்று ஸ்பீக்கரைத் தொட்டிலுக்குள் வைப்பதோ, தொட்டில் கம்பில் தொங்கவிடுவதோ கூடவே கூடாது. அறையின் மறுகோடியில், தணிவாகப் பாடட்டும்.

கம்பி இல்லாததால் குறையா?

"கம்பியில்லாமல் வருகிற பாட்டு தரமாக இருக்காது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த ப்ளூடூத் முறைக்கான வேலை 1994-ல் ஸ்வீடனில் எரிக்சன் கம்பெனியில் தொடங்கியது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசனின் பட்டப்பெயர்தான் அது. பாட்டை அப்படியே அனுப்பாமல், பஞ்சுப் பொதியை அழுத்திக் கட்டுகிற மாதிரி சுருக்கி அனுப்புகிறார்கள். அதில் நுணுக்கம் கொஞ்சம் போவது உண்மைதான். ஆனால் கையடக்க ஸ்பீக்கரில் அந்த இழப்பைவிடப் பெட்டியின் சிறுமையும் வைத்த இடமும்தான் காதுக்குப் பெரிதாகத் தெரியும்.

பாட்டு விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதுவும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் வேலை செய்கின்றன. அடுப்பு ஓடும்போது பாட்டு திக்கலாம். நடுவே கனத்த சுவர் இருந்தாலும் அப்படித்தான். ஒற்றைப் பெட்டியில் இடது, வலது ஓசை இரண்டும் ஓரிடத்திலிருந்தே வருவதால், மேடையில் வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்ற விஸ்தாரம் கிடைக்காது. சில ரகங்களில் இரண்டு பெட்டிகளை ஜோடி சேர்க்கும் வசதி இருக்கிறது. சங்கீதப் பிரியர்கள் கேட்டு வாங்கலாம்.

சுப்ரீம் கோர்ட் வரை போன அபிப்பிராயம்

நம் வீட்டுச் சண்டை எம்மாத்திரம்! வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவரின் மகன் அமர் போஸ். 1956-ல், மாணவராக இருந்தபோது, நல்லதென்று பேர் வாங்கிய ஒரு ஸ்பீக்கரை வாங்கினார். காகிதத்தில் எழுதியிருந்த பெருமை காதுக்கு வரவில்லை. அந்த ஏமாற்றம்தான் அவரை ஓசை ஆராய்ச்சிக்கு இழுத்தது. 1964-ல் சொந்தக் கம்பெனி தொடங்கி, 1968-ல் 901 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். 1970-ல் நுகர்வோர் பத்திரிகை ஒன்று அதைச் சோதித்து, வாத்தியங்களின் ஓசை அறைக்குள் அலைகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியது. கம்பெனி வழக்குப் போட்டது. ஓசை அறைக்குள் அலைந்ததா, சுவரோரமாக நகர்ந்ததா என்ற கேள்வி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய், 1984-ல் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது!

1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஒலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். ஸ்பீக்கரைத் திரை போட்டு மறைத்துக் கேட்கச் சொன்னபோது சிறியதும் மலிவானதுமான ஒன்று நல்ல மதிப்பெண் வாங்கியது. திரையை எடுத்ததும் அதே ஆட்கள் அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். காது கேட்டதைக் கண் திருத்திவிட்டது.

வேட்டிக்குப் பின்னால் ஒரு பரீட்சை

இதைப் படித்ததும் எங்கள் வீட்டிலும் செய்து பார்த்தோம். எதிர்வீட்டு அக்காவிடம் இருந்த பழைய, கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கினேன். கொடியில் மெல்லிய வேட்டியைத் தொங்கவிட்டு, பின்னால் இரண்டையும் வைத்து, ஒரே அளவு சத்தத்தில் மூன்று பாட்டுப் போட்டேன்.

முதலில் ஓதுவார் பாடும் திருவாசகம். தனிக் குரல், வார்த்தை தெளிவைச் சோதிக்க இதைவிட நல்லது இல்லை. அடுத்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம். உச்சத்தில் கீச்சென்று காதைக் குத்துகிறதா, தவில் தனியாகக் கேட்கிறதா என்று பார்க்க. மூன்றாவது, 2005-ல் இளையராஜா ஹங்கேரி நாட்டு வாத்தியக் குழுவைக் கொண்டு செய்த 'திருவாசகம்' சிம்பொனி. நூற்றுக்கு மேற்பட்ட ஓசைகள் ஒன்றாக எழும்போது சின்னப் பெட்டி குழம்புகிறதா என்று பார்க்க.

முதல் பாட்டில் நாலு பேரும் ஒரே பக்கம்! எதிர்வீட்டு அக்காவின் பழைய ஸ்பீக்கருக்குத்தான் ஓட்டு. "அதுவா? பார்க்கவே நல்லா இல்லையேம்மா!" என்று மகன் வேட்டியை விலக்கி விலக்கிப் பார்த்தான். நாதஸ்வரத்தில் கட்சி இரண்டாகப் பிரிந்தது. சிம்பொனியில் இரண்டுமே போதவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அத்தை சொன்னது

எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் அத்தைக்கு மட்டும் வார்த்தை முழுசாகப் பிடிபடவில்லை. "அப்பத்தாவுக்கு டி.வி.யும் இப்படித்தான்மா. 'பால் வேணுமா'ன்னு கேட்டா 'காலுக்கு என்ன'ங்குது" என்று கவனித்துச் சொன்னவள் மகள்தான். மறு வாரமே மதுரையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒவ்வொரு சுருதியாகக் காதில் விட்டுச் சோதித்தார்கள். தாழ்ந்த ஓசை நன்றாகக் கேட்கிறது. உயர்ந்த ஓசைதான் இரண்டு காதிலும் குறைந்திருந்தது.

வயதானால் பலருக்கு இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். அ, ஆ போன்ற உயிரோசைகள் தாழ்ந்தவை, கனமானவை. க், ச், த், ப் என்ற மெய்கள் மெலிந்தவை. அவற்றை அடையாளம் காட்டுவது உயர்ந்த ஓசைதான். அது போனால் பாட்டு கேட்கும், சொல் கேட்காது. அத்தை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை! இதில் பேஸை ஏற்றினால் மெய்யெழுத்துக்கள் அதில் அமுங்கி இன்னும் மோசமாகும்.

இது பாட்டோடு போகிற விஷயமும் அல்ல. கவனிக்காமல் விட்ட காது மந்தம், முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் சொல்லியிருக்கிறது. அத்தை இப்போது காது கேட்கும் கருவி போட்டிருக்கிறார்கள். வாசலில் வருகிறவர்களோடு முன்போல வாயாடுகிறார்கள்.

வாங்கும்போது கவனியுங்கள்

* கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கைபேசியில் கொண்டுபோங்கள்.

* இரண்டை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

* தணிவாக வைத்தும் கேளுங்கள். வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கப் போகிறீர்கள்.

* சத்தத்தை முழுதும் ஏற்றினால் குரல் கரகரக்கிறதா என்று பாருங்கள்.

* வீட்டுக்கு வந்தபின் தரையில் வைக்காமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். பேஸ் குறைவாகத் தெரிந்தால் சுவரோரம் நகர்த்துங்கள். அதிகமானால் முன்னுக்கு இழுங்கள். இதற்குக் காசு செலவில்லை!

* பெரியவர்களுக்கென்றால் பேஸைக் குறைத்து, ஒரு கஜ தூரத்துக்குள் வையுங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி வீட்டில் ஆளுக்கொன்று சொன்னால் சொல்லட்டும். அவரவர் காது, அவரவர் ருசி. ஆனால் "பாட்டுக் கேக்குது, வார்த்தை கேக்கலை" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்னால் அவர்களைக் காது டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.