ஃபோர்ட்ரானில் கருத்தியல் வகைகளும் ஆக்கிகளும்

1957 இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல்மொழி, பொருள் நோக்கு நிரலாக்கத்துக்கான வசதிகளை ஃபோர்ட்ரான் 2003 சீர்தரத்திலேயே முழுமையாகப் பெற்றது. பிற மொழிகளில் வகுப்பு எனப்படுவது இங்கு "டைப்" ஆகும். "கிளாஸ்" என்னும் சொல் பல்லுருவ மாறிகளை அறிவிக்கவே பயன்படுகிறது. சி++ கற்றவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது.

"அப்ஸ்ட்ராக்ட்" எனக் குறிக்கப்பட்ட வகையைக் கொண்டு நேரடியாகப் பொருள் எதனையும் உருவாக்க இயலாது. எடுத்துக்காட்டாக, வடிவம் என்னும் கருத்தியல் வகையில் பரப்பளவுச் செயற்கூற்றின் இடைமுகம் மட்டும் "டிஃபர்டு" என அறிவிக்கப்படும். வட்டம், சதுரம் ஆகிய நீட்சி வகைகள் அதன் கணிப்பை எழுதியாக வேண்டும்.

ஆக்கிக்கெனத் தனிக் குறிச்சொல் இல்லை. வகையின் பெயரே உறுப்புகளின் மதிப்புகளை ஏற்று ஆக்கியாகச் செயல்படும். எதிர்ம ஆரத்தைத் தடுப்பது போன்ற சரிபார்ப்பு தேவையெனில், அதே பெயரில் "இன்டர்ஃபேஸ்" அமைத்துத் தனிச் சார்பு ஒன்றை இணைக்கலாம்.

இதில் ஓர் இடர் உண்டு. சார்பு திருப்பித் தரும் பொருள், மாறிக்குள் படியெடுக்கப்பட்ட பின் அழிக்கப்படுகிறது. அவ்வகையின் "ஃபைனல்" செயற்கூறு சுட்டி உறுப்பின் நினைவகத்தை விடுவிப்பதாக இருந்தால், மாறியில் எஞ்சும் சுட்டி விடுவிக்கப்பட்ட இடத்தையே காட்டும். நிரல் பிழையான விடை தரலாம். இடையில் நின்றும் விடலாம். சுட்டிக்குப் பதிலாக "அலோகேட்டபிள்" உறுப்பைப் பயன்படுத்தினால் உள்ளடக்கமும் சேர்ந்தே படியெடுக்கப்படுவதால் இச்சிக்கல் எழாது.