வெள்ளத்திலும் தொலையாத மின்னஞ்சல்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் பெருங்களத்தூரை ஒட்டிய தாழ்நிலங்களையும் சூழ்ந்ததைப் போன்ற வேளையில், அங்கேயே சொந்த மின்னஞ்சல் சர்வரை வைத்திருக்கும் அலுவலகத்திற்கு வரும் கடிதங்கள் எங்கே போகும்?

இணையத்தின் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில், ஒரு முகவரிக்குரிய அஞ்சலை ஏற்கும் சர்வர்களை ‘எம்.எக்ஸ்.’ பதிவுகள் முன்னுரிமை எண்ணுடன் குறிக்கின்றன. சிறிய எண்ணுடையதே முதலில் அணுகப்படும். அது பதிலளிக்காதபோது, அடுத்த எண்ணுடைய மாற்று சர்வர் அஞ்சலை வாங்கித் தன் வட்டில் வரிசையாகச் சேமித்து, முதன்மை சர்வரை அவ்வப்போது தொடர்புகொண்டு பார்த்து, அது மீண்டதும் ஒப்படைக்கிறது. எனவே மாற்று சர்வர் வெள்ளம் எட்டாத வேறு ஊரில் இருப்பது இன்றியமையாதது. ஆயினும் அது இடைத்தங்கல் கிடங்கே என்பதால், முதன்மை சர்வர் மீளும்வரை பெறுநர் கடிதத்தைப் படிக்க இயலாது.

மாற்று சர்வரே இல்லாவிடினும் அஞ்சல் உடனே அழிவதில்லை என்பதே இம்முறையின் பேரழகு: அனுப்பும் சர்வர் குறைந்தது 30 நிமிட இடைவெளிகளில் மீண்டும் முயன்று, 4 அல்லது 5 நாள்களேனும் காத்திருக்க வேண்டும் என மின்னஞ்சல் பரிமாற்றத்திற்கான 2008ஆம் ஆண்டின் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை பரிந்துரைக்கிறது. அக்கெடுவும் கடந்தால், அனுப்பியவருக்கே தோல்வி அறிவிப்பு திரும்புகிறது. அதனினும் நீளும் முடக்கத்தில்தான் மாற்று சர்வரின் அருமை தெரியும். ஆனால் அதன் வடிகட்டி தளர்வாக இருந்தால், குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதனையே நேரடியாகக் குறிவைக்கின்றனர்.