தானே துடிக்கும் இதயம், தானே இயங்காத மூச்சு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அண்டிக் கடலை நோக்கி அமைந்துள்ள சிற்றூர் சல்லி. கரையோரத்தில் கோயில் கொண்டுள்ள முத்துமாரியம்மனால் அறியப்பட்ட இவ்வூரின் வாழ்வு கடற்றொழிலோடு பிணைந்தது. வடக்கே நிலாவெளி முதல் தெற்கே கிண்ணியா, மூதூர் வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பியே வாழ்கின்றனர். அக்கடல் வாழ்வு தந்தது போலவே உயிர்களையும் பறித்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையை எவரும் மறந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் பலியான துயரமும் ஆறாத வடுவாகவே உள்ளது.

இத்தனை இழப்புகளுக்குப் பின்னரும், மூச்சு நின்றுபோன ஒருவருக்கு முதல் ஐந்து நிமிடங்களில் என்ன செய்யவேண்டும் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கின்றோம்? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, இதயத்தையும் சுவாசப்பைகளையும் நரம்புத் தொகுதி எவ்வாறு ஆள்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

இதயமும் சுவாசப்பையும் ஒன்றையொன்று பிரியாத உறுப்புகள். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் சுவாசப்பைகளின் ஊடாகச் சென்றே இடப்புறத்தை அடைகின்றது என்ற உண்மையை 13 ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், டமஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் இப்னுன் நபீஸ் ஆவார். ஆயினும் நரம்புகள் இவ்விரு உறுப்புகளையும் ஆளும் முறை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டிலேயே உயிர் காக்கும் வழியும் அடங்கியிருக்கின்றது.

இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. வலது சோணையறையின் சுவரில் உள்ள குடாச்சோணைக் கணு என்னும் சிறு இழையம் தானாகவே மின் கணத்தாக்கங்களை எழுப்பி இதயத்தைத் துடிக்கவைக்கின்றது. 2017 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கண்டி போதனா வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது. இத்தகைய சத்திரசிகிச்சையின்போது இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் யாவும் துண்டிக்கப்படுகின்றன. எனினும் மாற்றிப் பொருத்தப்பட்ட இதயம் புதிய உடலில் துடிக்கின்றது. இதயம் தன்னாட்சி கொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் நரம்புகளின் பணி என்ன? வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே அவற்றின் பணியாகும். நரம்புகளின் தலையீடு அற்ற இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். ஓய்விலிருக்கும்போது எமது நாடித்துடிப்பு 70 அளவில் நிற்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கிவரும் அலையும் நரம்பு கடிவாளம் போல் அதனை இழுத்துப் பிடித்திருப்பதேயாகும். அச்சம், கோபம், ஓட்டம் ஆகிய வேளைகளில் பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன. 1921 இல் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி, ஒரு தவளையின் இதயத்தில் அலையும் நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்தில் இட்டபோது அதுவும் மெதுவாகத் துடிக்கக் கண்டார். நரம்புகள் இரசாயனப் பொருள்களின் மூலமே இதயத்தோடு பேசுகின்றன என்பதை உலகுக்கு உணர்த்திய இக்கண்டுபிடிப்புக்காக 1936 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

சுவாசத்தின் நிலையோ முற்றிலும் வேறு. சுவாசப்பைகள் தாமாக விரியும் ஆற்றல் அற்றவை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு என்ற தசைத்தகடு கீழிறங்கும்போதும், விலா எலும்புகள் உயரும்போதும் மட்டுமே காற்று உட்புகுகின்றது. அத்தசைகளுக்கு மூளையின் அடிப்பகுதியில் உள்ள நீள்வளைய மையவிழையத்திலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் ஆணை வந்தாகவேண்டும். கழுத்துப் பகுதி முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்புகளே பிரிமென்றகட்டுக்கு அவ்வாணையைக் கொண்டு செல்கின்றன. உறக்கத்திலும் மயக்கத்திலும்கூட இவ்வாணை இடையறாது செல்கின்றது. இந்தப் பாதை எங்கேனும் அறுந்தால் மூச்சு நின்றுவிடும். ஆனால் இதயம் மேலும் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டேயிருக்கும். அந்தச் சில நிமிடங்களே மனிதர் கைக்கு எட்டிய அவகாசமாகும்.

மூச்சை எடுக்குமாறு மூளையை உந்துவது ஒட்சிசன் குறைவு என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இயல்பான நிலையில் எம்மை மூச்செடுக்கத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் காபனீரொட்சைட்டேயாகும். 1905 இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், பிரீஸ்ட்லி ஆகியோர் நிறுவிய இவ்வுண்மை, மூச்சையடக்கிக் கடலில் மூழ்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்றாகும்.

முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு அடக்கப்பட்டவுடன், முகத்து நரம்புகள் தரும் செய்தியால் அலையும் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறைகின்றது. ஒட்சிசனைச் சிக்கனப்படுத்தும் இந்த ஏற்பாடு இயற்கை அளித்த கொடையாகும். ஆனால் நெடுநேரம் மூழ்கியிருக்க விரும்பும் இளைஞர் சிலர், மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விடுகின்றனர். இதனால் ஒட்சிசன் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. காபனீரொட்சைட்டு மட்டுமே வெளியேறிவிடுகின்றது. எச்சரிக்கை மணி இவ்வாறு ஊமையாக்கப்பட்டதன் பின்னர், மூச்செடுக்கும் உந்துதல் எழுவதற்கு முன்பே ஒட்சிசன் தீர்ந்து, எவ்வித முன்னறிகுறியுமின்றி நினைவு தவறுகின்றது. மேலெழும்போது நீரின் அழுத்தம் குறைவதால், நீர்மட்டத்தை நெருங்கும் கடைசிக் கணங்களிலேயே ஆபத்து மிகுதி. நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறே மடிகின்றனர்.

கடல் தரும் மற்றொரு பாடம் பேத்தை மீன். இதன் ஈரல், முட்டை முதலிய பாகங்களில் உள்ள நஞ்சு சமைப்பதனால் அழிவதில்லை. அது நரம்புகளில் செல்லும் மின் கணத்தாக்கங்களைத் தடுக்கின்றது. உதடும் நாக்கும் விறைத்து, கைகால்கள் சோர்ந்து, ஈற்றில் பிரிமென்றகடு செயலிழக்கின்றது. கொடுமை யாதெனில், நோயாளி அசையவோ பேசவோ இயலாத நிலையிலும் சுயநினைவோடு இருக்கக்கூடும். இதயமோ துடித்துக்கொண்டிருக்கும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. ஆயினும் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைந்து செயற்கைச் சுவாசம் பெற்றவர்கள், நஞ்சு உடலிலிருந்து நீங்கியதும் பிழைத்தெழுகின்றனர்.

கரையிலும் இதே கதைதான். தரையில் பாய் விரித்து உறங்குபவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியனின் நஞ்சு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகின்றது. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. வயிற்று வலி, கனத்து இறங்கும் கண்ணிமைகள், விழுங்க இயலாமை என்று தொடங்கி மூச்சுத் திணறலில் முடிகின்றது. வலியில்லையே எனக் காத்திருப்பது காலனுக்கு வழி திறந்துவிடுவதற்கு ஒப்பானது. இவர்களுக்கும் செயற்கைச் சுவாச இயந்திரம் நாள்கணக்கில் மூச்சளித்து உயிர் மீட்கின்றது.

மூழ்கியவர், பேத்தை உண்டவர், கட்டுவிரியன் தீண்டியவர் ஆகிய மூவருக்கும் காரணம் வேறாயினும் முடிவு ஒன்றே. முதலில் மூச்சு நிற்கின்றது, பின்னரே இதயம் நிற்கின்றது. எனவே மூச்சை நாம் அளித்தால் இதயத்தைக் காக்கலாம்.

ஆனால் எமது கரைகளில் நடப்பது என்ன? நீரிலிருந்து மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முனைவதும் இன்றும் காணக்கூடியதாகவே உள்ளது. இவை பொன்னான நிமிடங்களை வீணாக்குவதோடு, வயிற்றிலுள்ளவை சுவாசப்பைக்குள் செல்லவும் காரணமாகின்றன. மூச்சு இல்லையெனில், அவரை மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைத் தாழ்த்தி நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய்வைத்து நெஞ்சு உயரும்வரை ஊதவேண்டும். நீரில் மூழ்கியவருக்கு இதுவே முதற்பணி. அசைவோ இயல்பான மூச்சோ திரும்பாவிடில், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாது அழுத்தவேண்டும். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சுகள் என்பது கணக்கு. அதே வேளையில் மற்றொருவர் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் வேண்டும். உதவி வந்து சேரும்வரை நிறுத்தலாகாது.

இதனை வாசித்து அறிவது வேறு, கைகள் பழகுவது வேறு. கடற்றொழிலாளர் சங்கங்களும் பாடசாலைகளும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும் சுகாதாரத் திணைக்களத்தோடு கைகோத்து, கரையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் இப்பயிற்சியை ஆண்டுதோறும் நடத்த முன்வரவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பயிற்சிக்கு ஒரு பொம்மையும் பயிற்றுவிக்க ஒரு தாதியும் சில மணி நேரமும் போதுமானவை.

கடலில் மூழ்கியவரின் மூளை அனுப்ப இயலாதுபோன ஆணையை, கரையில் நிற்கும் ஒருவரின் மூச்சு சிறிது நேரத்துக்கு ஈடுசெய்யும். அந்த ஒருவர் அயலவராகவோ வழிப்போக்கராகவோ இருக்கலாம். அவர் கற்றவராக இருப்பதை உறுதிசெய்வது எம் அனைவரதும் கடமையாகும்.