பொருள்களுக்குப் பால் வகுத்தது ஏன்?

திருச்சுழிப் பக்கத்து வறண்ட நிலத்தில் பனையை அறியாதார் இலர். ஆண்பனை பாளை மட்டும் விடும். பெண்பனையே நுங்கு தரும். இவ்வேற்றுமை சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் 'ஆண்பனை சாய்ந்தான்' என்றோ 'பெண்பனை காய்த்தாள்' என்றோ எவரும் கூறார். இயற்கையிலேயே ஆண் பெண் என்னும் வேறுபாடு இருந்தும், இலக்கணத்தில் இரண்டும் 'அது' என்றே நிற்கின்றன.

இவ்வழக்கிற் பழகிய மாணவர் கிரேக்க இலக்கணத்தைத் திறந்ததும் திகைக்கின்றனர். திருவிருந்து மேசையையே எடுத்துக்கொள்வோம். அப்பத்தைக் குறிக்கும் 'ஆர்த்தொஸ்' ஆண்பால். மேசையாகிய 'திராபெசா' பெண்பால். பாத்திரமாகிய 'பொத்தேரியோன்' இரண்டுமல்லாத நபுஞ்சகம். உயிரற்ற பொருளுக்கு இப்பாகுபாடு எங்ஙனம் வந்தது என்ற வினா நியாயமானதே.

தமிழில் பாலானது பொருளின் தன்மையைப் பின்பற்றுகிறது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என்றும், பிறவற்றை அஃறிணை என்றும் வகுக்கிறார். ஆண், பெண், பலர் என்னும் பிரிவுகள் உயர்திணைக்கே உரியன. ஆனால் உலக மொழிகள் யாவும் இவ்வழி செல்வதில்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான உலக மொழி அமைப்புகளின் வரைபட நூலில், கார்பெட் என்னும் மொழியறிஞர் 257 மொழிகளை எடுத்து ஆராய்ந்துள்ளார். அவற்றுள் 145 மொழிகளில் இலக்கணப் பால் என்பதே இல்லை. எஞ்சிய 112இல், 53 மொழிகள் பொருளை மட்டும் நோக்கிப் பால் வகுக்கின்றன; 59 மொழிகள் பொருளோடு சொல்லின் வடிவத்தையும் நோக்குகின்றன. தமிழ் முதல் வகை. கிரேக்கமும் எபிரெயமும் சமஸ்கிருதமும் இரண்டாம் வகை.

சொல்லின் வடிவம் பாலை முடிவு செய்வதால் விளையும் விந்தைகள் பல. மனைவியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொற்களுள் 'பார்யா' பெண்பால், 'களத்ரம்' நபுஞ்சகம், 'தாரா:' ஆண்பாற் பன்மை. ஒருத்தியே மூன்று பாலிலும் நிற்கிறாள்! ஜெர்மானிய மொழியில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' நபுஞ்சகம். சிறுமைப் பொருள் தரும் விகுதி அதன் இறுதியில் நிற்பதே காரணம்.

இனி, இதன் தோற்றத்திற்கு வருவோம். 1915இல் ஹ்ரோஸ்னி என்பார் ஹிட்டைட்டு மொழிக் களிமண் ஏடுகளின் பொருளை வெளிப்படுத்தினார். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் மிகப் பழைய எழுத்துச் சான்றுடைய அம்மொழியில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிவு இல்லை. உயிருள்ளவற்றுக்குரிய பொதுப்பால், நபுஞ்சகம் என இரண்டே உண்டு. ஆகவே ஆதியில் இப்பிரிவு நமது திணைப் பாகுபாட்டுக்குத் தூரத்து உறவாகவே இருந்ததெனலாம். நெருப்பைக் குறிக்கும் சமஸ்கிருத 'அக்னி' ஆண்பால். கிரேக்கப் 'பூர்' நபுஞ்சகம். நீரைக் குறிக்கும் சமஸ்கிருத 'ஆப:' பெண்பால். கிரேக்க 'ஹுதோர்' நபுஞ்சகம். இயங்கும் ஆற்றலாகக் கண்டபோது ஒரு பெயரும், வெறும் பொருளாகக் கண்டபோது வேறொரு பெயரும் வழங்கின என்று பிரெஞ்சு அறிஞர் மெய்யே விளக்கினார். பெண்பால் பின்னரே பிரிந்தது என்பது அறிஞர் பெரும்பாலார் முடிவு. தொகுதியையும் பண்பையும் குறித்த ஒரு விகுதி தனி வகுப்பாக வளர்ந்தது. பெண்டிரைக் குறித்த பல பெயர்களும் அவ்வகுப்பிற் சேர்ந்தன. பின்வந்த இலக்கணிகள் வகுப்பு முழுவதற்கும் 'பெண்பால்' எனப் பெயரிட்டனர். மேசையைப் பெண்ணாக எந்தக் கிரேக்கனும் எண்ணினான் அல்லன். மேசையின் பெயர் பெண்டிர் பெயர்கள் நின்ற வரிசையில் நின்றது, அவ்வளவே. நமது 'பால்' என்னும் சொல்லும் பகுதி என்றே பொருள்படும்.

பயனற்றதாயின் இவ்வமைப்பு இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திராது. வாக்கியத்தில் விலகி நிற்கும் சொற்களைப் பால் பிணைத்துக் காட்டுகிறது. எபேசியர் 2:8இல் கிருபையும் விசுவாசமும் கிரேக்கத்தில் பெண்பால். தொடர்ந்து வரும் 'இது' என்னும் சுட்டோ நபுஞ்சகம். ஆதலால் அது விசுவாசத்தை மட்டும் சுட்டாமல் மீட்பின் செயல் முழுவதையும் சுட்டுகிறது என்று உரையாசிரியர் பலர் கொள்வர். தமிழில் யாவும் அஃறிணையாதலின் இக்குறிப்பு மறைந்துவிடுகிறது.

ஆனால் இதே அளவுகோலை எங்கும் வைத்தளத்தல் தவறு. ஆவியைக் குறிக்கும் எபிரெய 'ரூவாக்' பெரும்பாலும் பெண்பால். கிரேக்கப் 'நியூமா' நபுஞ்சகம். இலத்தீன் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். இவற்றின்மேல் கோட்பாடு எழுப்ப முயல்வோர் மணல்மேல் கட்டுகின்றனர் என்பதே நம் கருத்து. தமிழிலோ நிலைமை வேறு. இங்கே விகுதி நம் கருத்தையே சொல்லிவிடும். 'ஆவியானவர்' என மொழிபெயர்த்தோர் ஒரு முடிவெடுத்தே அங்ஙனம் எழுதினர். யோவான் நற்செய்தியின் முதல் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு 'வார்த்தை'க்கு அஃறிணை வினை தந்து, இரண்டாம் வசனத்தில் 'அவர்' என்கிறது. மக்களுக்குரிய விகுதி பெறாத சொற்களாகத் தொல்காப்பியர் காலம், உலகம், ஞாயிறு, திங்கள் முதலிய பத்தினை அடுக்குமிடத்தில், 'சொல்' என்பதும் ஒன்றாக நிற்பதை இங்கு நினைவுகூரலாம்.

தமிழில் விகுதி கருத்தைச் சொல்லுவதாதலின், ஒருவரை 'அது' என்பதும் ஒரு முடிவே. குழந்தையை 'அது அழுகிறது' என்பதில் இழிவில்லை. பண்ணையாட்களையும் ஏழைக் கிழவிகளையும் 'அது வந்தது' என்பதை அவ்வாறு எளிதில் விட்டுவிட இயலாது. உயர்திணையை 'உயர்ந்த சாதி' என்றும் அஃறிணையைச் 'சாதியற்றது' என்றும் பொருள்படக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) பெயர்த்திருப்பதை வாசிக்கையில் நமக்கு உறுத்துகிறது.

அருப்புக்கோட்டைக் கரிசல் ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. தெலுங்கில் ஆண் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் பசு வந்தாலும் 'வச்சிந்தி'. இது பெண்ணைப் பொருளாக்கியதன் விளைவென்று சிலர் கருதுகின்றனர். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியோ 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில், இதுவே பழைய நிலை என்றும், 'அவள்' என்பது தமிழ், கன்னடம் முதலிய தென்மொழிகள் பின்னர் ஆக்கிக்கொண்ட சொல் என்றும் கொள்கிறார். பன்மையில் தெலுங்குப் பெண்டிர் ஆடவரோடு சேர்ந்து 'வச்சாரு' என்றே வருகின்றனர். அக்குடும்பத்து மகள் தன் தாயைக் குறித்து வீட்டிலே 'அம்ம வச்சிந்தி' என்று அன்போடு கூறுகிறாள். வாசலில் நிற்கும் ஆயரிடம் தமிழில் 'அம்மா வந்துவிட்டார்கள்' என்கிறாள்.