குறுந்தகட்டுத் தொகுப்பைக் கணினிக்கு மாற்றுதலும் ஒலிக்கோப்பு வடிவத் தெரிவும்

ஒலிக்கோப்பு வடிவம் என்பது எண்முறையில் பதிவான ஒலித் தரவு கணினியில் எவ்வாறு அடுக்கிச் சேமிக்கப்படுகின்றது என்பதை வரையறுக்கும் முறை ஆகும். தமிழ்நாட்டில் குறுந்தகடு எனவும் இலங்கையில் இறுவட்டு எனவும் அழைக்கப்படும் இசைத் தகடுகளைக் கணினிக்கு மாற்றும்போது, எந்த வடிவத்தில் சேமிப்பது என்ற கேள்வி முதலில் எழுகின்றது. வேவ், ஃபிளாக், எம்பி3, ஏஏசி, ஓப்பஸ் முதலியவை இதற்குப் பயன்படும் வடிவங்களுள் சில. இத்தெரிவு ஒலித்தரத்தை மட்டும் சார்ந்தது அன்று. சில வடிவங்களிலிருந்து மூலத் தரவை முழுமையாக மீட்கலாம். வேறு சிலவற்றிலிருந்து ஒருபோதும் மீட்க இயலாது. தகடு பழுதடைந்த பின்னரோ கைவிட்டுப் போன பின்னரோ இவ்வேறுபாடு திருத்த முடியாததாகி விடுகின்றது.

குறுந்தகட்டில் உள்ள தரவு

இசைக் குறுந்தகட்டின் கட்டமைப்பை பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1980இல் 'சிவப்புப் புத்தகம்' என அறியப்படும் சீர்தரமாக வரையறுத்தன. 1982இல் குறுந்தகடுகள் சப்பானில் விற்பனைக்கு வந்தன. இச்சீர்தரத்தின்படி ஒலி அலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளவிடப்படுகின்றது. இவ்வாறு பெறப்படும் ஒவ்வோர் அளவும் மாதிரி எனப்படும். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் நீளமுள்ள எண்ணாகப் பதியப்படுகின்றது. இடம், வலம் என இரண்டு தடங்கள் இருப்பதால், ஒரு நொடி இசைக்கு 44,100 × 16 × 2 = 14,11,200 பிட்கள் தேவைப்படுகின்றன. அதாவது ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

மாதிரி வீதத்தின் பாதி அளவு வரையிலான அதிர்வெண்களைச் சரியாகப் பதிய இயலும் என்பது நைக்விஸ்ட் தேற்றத்தின் முடிவு. ஆகவே குறுந்தகட்டில் 22,050 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலிகள் அடங்கும். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் ஆகும். 44,100 என்ற எண், தொடக்கக் காலத்தில் எண்முறை ஒலியைப் பதிய நிகழ்படக் கருவிகள் பயன்படுத்தப்பட்டதால் வந்தது. நிகழ்படத்தின் ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள் எனப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும்.

குறுந்தகட்டிலிருந்து எடுத்த இசையை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் போன்ற உயர் அளவுகளில் சேமிப்பதால் தரம் கூடுவதில்லை. தகட்டில் இல்லாத தகவல் புதிதாகத் தோன்றாது. கோப்பின் அளவு மட்டுமே பெருகும். அத்தகைய அளவுகள் ஒலிநாடா, இசைத்தட்டு போன்ற அலைமுறை மூலங்களை எண்முறைக்கு மாற்றும்போது பயன்படுபவை.

வடிவங்களின் வகைகள்

சுருக்கப்படாத வடிவங்கள்: மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் நிறுவனங்கள் 1991இல் வெளியிட்ட வேவ், ஆப்பிள் நிறுவனத்தின் ஏஐஎஃப்எஃப் ஆகியவை இவ்வகையின. தகட்டில் உள்ள எண்கள் அப்படியே கோப்பில் இடம்பெறுகின்றன. எல்லா மென்பொருள்களும் இவற்றைத் திறக்கும். ஆயினும் கூடுதல் இடம் தேவை. பாடல், கலைஞர் பெயர்களைக் கோப்புக்குள் எழுதும் முறை வேவ் வடிவில் சீராகப் பின்பற்றப்படுவதில்லை என்பதும் ஒரு குறை.

இழப்பற்ற சுருக்க வடிவங்கள்: இவை கோப்பைச் சிறிதாக்கினாலும், விரிக்கும்போது மூல எண்களை ஒரு பிட் கூட மாறாமல் திருப்பித் தருகின்றன. இவற்றுள் பரவலாகப் பயன்படுவது ஃபிளாக் ஆகும். ஜோஷ் கோல்சன் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2001இல் வெளியானது. இது திறந்த மூல வடிவம். 2024 திசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்ற இணையச் சீர்தர ஆவணமாகவும் வெளியிடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2004இல் அறிமுகம் செய்த அலாக் வடிவமும் இவ்வகையினதே. அதன் மூல நிரல் 2011இல் திறந்து விடப்பட்டது. வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ என்பன பிற எடுத்துக்காட்டுகள்.

ஃபிளாக் இயங்கும் அடிப்படை எளியது. முந்தைய மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரியின் மதிப்பை மென்பொருள் ஊகிக்கின்றது. எடுத்துக்காட்டாக 100, 102, 104, 106 என மாதிரிகள் வந்தால் அடுத்தது 108 என ஊகிக்கலாம். உண்மையில் வந்தது 109 எனில், வேறுபாடான 1 மட்டும் சேமிக்கப்படும். சிறிய எண்களைக் குறைந்த பிட்களில் எழுதிவிடலாம் என்பதால் கோப்பு பெரும்பாலும் மூலத்தின் 50 முதல் 70 விழுக்காடு அளவுக்குச் சுருங்குகின்றது. தனி வீணை இசை நன்கு சுருங்கும். உரத்த மேளமும் பல கருவிகளும் நிறைந்த திரையிசை குறைவாகவே சுருங்கும். ஃபிளாக்கில் 0 முதல் 8 வரையுள்ள நிலைகள் சுருக்கத்துக்குச் செலவிடும் நேரத்தையே குறிக்கின்றன. எல்லா நிலைகளிலும் ஒலி ஒன்றே.

இழப்புள்ள சுருக்க வடிவங்கள்: உரத்த ஓர் ஒலி கேட்கும்போது அதனை ஒட்டிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஒலி செவிக்குப் புலப்படுவதில்லை. இது மறைப்பு விளைவு எனப்படும். இவ்வகை வடிவங்கள் இவ்விளைவைப் பயன்படுத்தி, செவி கவனிக்காது எனக் கணிக்கும் தகவலை நீக்கி விடுகின்றன. நீக்கியது மீண்டும் வாராது.

* எம்பி3: 1993இல் வெளியான எம்பெக்-1 சீர்தரத்தின் மூன்றாம் அடுக்கு. செருமனியின் பிரான்ஹோஃபர் நிறுவனத்தின் பங்களிப்பு இதில் முதன்மையானது. காப்புரிமங்கள் காலாவதியானதைத் தொடர்ந்து 2017 ஏப்ரலில் இதன் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் இயங்கும்.
* ஏஏசி: 1997இல் சீர்தரமானது. ஒரே பிட் வீதத்தில் எம்பி3ஐ விடப் பொதுவாகச் சிறந்த ஒலியைத் தரும்.
* ஆக் வோர்பிஸ்: காப்புரிமத் தடையற்ற மாற்றாக உருவானது. 1.0 பதிப்பு 2002இல் வெளியானது.
* ஓப்பஸ்: 2012இல் ஆர்எஃப்சி 6716 ஆக வெளியானது. குறைந்த பிட் வீதங்களில் சிறப்பாகச் செயற்படும்.

கோப்பு அளவு ஒப்பீடு

ஒரு மணி நேரம் ஓடும் 300 தகடுகள் கொண்ட ஒரு தொகுப்புக்குத் தேவைப்படும் இடம் கீழே தரப்பட்டுள்ளது.

* வேவ்: ஏறத்தாழ 190 கிகாபைட்
* ஃபிளாக் (60 விழுக்காடு எனக் கொண்டால்): ஏறத்தாழ 114 கிகாபைட்
* எம்பி3, நொடிக்கு 320 கிலோபிட்: ஏறத்தாழ 43 கிகாபைட்
* எம்பி3, நொடிக்கு 192 கிலோபிட்: ஏறத்தாழ 26 கிகாபைட்
* எம்பி3 அல்லது ஓப்பஸ், நொடிக்கு 128 கிலோபிட்: ஏறத்தாழ 17 கிகாபைட்

வன்தட்டுகள் சில பத்து கிகாபைட் அளவில் இருந்த 2000ஆம் ஆண்டளவில் இழப்புள்ள வடிவமே நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது. 1 டெராபைட் வன்தட்டு எளிதில் கிடைக்கும் இன்றைய நிலையில், இடத்தைக் காரணம் காட்டித் தரவை இழக்க வேண்டிய தேவை இல்லை எனலாம்.

தலைமுறை இழப்பு

இழப்புள்ள ஒரு வடிவிலிருந்து மற்றோர் இழப்புள்ள வடிவுக்கு மாற்றும்போது இழப்பு கூடிக்கொண்டே செல்கின்றது. எம்பி3 ஏற்கனவே சிலவற்றை நீக்கியிருக்கும். ஏஏசி தன் கணிப்பின்படி மேலும் சிலவற்றை நீக்கும். இது தலைமுறை இழப்பு எனப்படும். எம்பி3 கோப்பை ஃபிளாக் ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே அன்றி இழந்த தகவல் மீளாது. மாறாக ஃபிளாக் கோப்பிலிருந்து இன்றைய வடிவங்களுக்கும், இனி வரப்போகும் வடிவங்களுக்கும் எத்தனை முறையும் முதல்தர நகல் எடுக்கலாம்.

நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் வீதத்தில் நன்கு குறியாக்கப்பட்ட எம்பி3 கோப்பை மூலத்திலிருந்து செவியால் வேறுபடுத்துவது பெரும்பாலோர்க்குக் கடினம். எனவே இழப்பற்ற வடிவத்தின் சிறப்பு, அது இன்று இனிமையாக ஒலிப்பதில் இல்லை. நாளை வேறொன்றாக மாற்ற இடம் தருவதிலேயே உள்ளது.

மூலத் தகட்டின் தன்மை

தகட்டிலேயே இழப்பு இருக்கவும் கூடும். ஒரே தகட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்பாடல்களைக் கொண்ட 'எம்பி3 தகடுகள்' இசைக் குறுந்தகடுகள் அல்ல. அவை தரவுத் தகடுகள். அவற்றில் உள்ள கோப்புகளை அப்படியே படியெடுத்தால் போதும். எம்பி3 கோப்புகளை விரித்து எழுதிய இசைத் தகடுகளும் உண்டு. இவற்றை ஃபிளாக்கில் சேமித்தாலும் பழைய இழப்பு அப்படியே இருக்கும். ஒலியின் அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தால், 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒலி திடீரென அறுபட்டிருப்பது இதன் பொதுவான அடையாளம் ஆகும். எனினும் பழைய ஒலிநாடாவிலிருந்து உருவாக்கிய தகடுகளிலும் உயர் அதிர்வெண்கள் குறைவாக இருக்கும் என்பதால், இதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

தகட்டிலிருந்து பிழையின்றி எடுத்தல்

எவ்வளவு சிறந்த வடிவமாயினும், தகட்டைப் படிக்கும்போது ஏற்பட்ட பிழையை அது திருத்தாது. கீறல்களால் வரும் சிறு பிழைகளைத் திருத்தும் அமைப்பு குறுந்தகட்டிலேயே உள்ளது. திருத்த இயலாத இடத்தில், ஒலிப்பான் அண்டை மாதிரிகளைக் கொண்டு ஊகித்து நிரப்பி விடுகின்றது. தரவுத் தகட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் கூடுதல் பிழைதிருத்தம் உண்டு. இசைத் தகட்டில் அது இல்லை. 2,352 பைட்டுகளும் ஒலிக்கே பயன்படுகின்றன. இதனால் பிழை ஏற்பட்டதே தெரியாமல் கோப்பு உருவாகக் கூடும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சிடிபாரனோயா ஆகிய மென்பொருள்கள் ஐயத்துக்குரிய பகுதிகளை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிடுகின்றன. அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளம், அதே தகட்டைப் பிறர் எடுத்தபோது கிடைத்த சரிபார்ப்புத் தொகையோடு நம்முடையதை ஒப்பிட உதவுகின்றது. இரண்டும் பொருந்தினால் எடுத்தது சரி என ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். மேலும், ஃபிளாக் கோப்பு தன்னுள் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்புத் தொகையைக் கொண்டிருப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் கோப்பு சிதையாமல் உள்ளதா எனச் சோதிக்க முடியும். எம்பி3, வேவ் வடிவங்களில் இவ்வசதி இயல்பாக அமைவதில்லை.

தடங்களுக்கு இடையிலான இடைவெளி

கருநாடக இசைக் கச்சேரித் தகடுகளில் இராகம், தானம், பல்லவி ஆகியவை தனித்தனித் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தாலும் இசை இடையறாது தொடரக்கூடும். எம்பி3 குறியாக்கத்தின்போது ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறிது வெற்றொலி சேர்கின்றது. இதனால் தம்புராவின் சுருதி தடம் மாறும் இடத்தில் ஒரு கணம் அறுபடும். லேம் என்னும் குறியாக்கி சேர்ந்த வெற்றொலியின் அளவைக் கோப்பில் குறித்து வைக்கின்றது. ஆனால் எல்லா ஒலிப்பான்களும் அதனைப் படிப்பதில்லை. ஃபிளாக்கில் மாதிரிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை என்பதால் இச்சிக்கல் கோப்பில் எழுவதில்லை.

மீதரவும் தமிழ் எழுத்துகளும்

பாடல், பாடியவர், இசையமைப்பாளர் ஆகிய விவரங்கள் மீதரவு எனப்படும். பெரும்பாலான இசைத் தகடுகளில் இவை எழுதப்பட்டிருப்பதில்லை. மியூசிக்பிரைன்ஸ் போன்ற இணையத் தரவுத்தளங்களிலிருந்து மென்பொருள் இவற்றைப் பெறுகின்றது. தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், ஒரே கலைஞரின் பாடல்கள் பல பெயர்களில் சிதறிப் போவது வழமை.

எம்பி3இன் பழைய ஐடி3 முதற்பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகளே உண்டு. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'எந்தரோ மகானுபாவுலு' என்ற தலைப்புக்கு மட்டும் 52 பைட்டுகள் தேவை. திஸ்கி முதலிய 8-பிட் குறியாக்கங்களில் எழுதப்பட்ட பெயர்கள் இன்றைய கருவிகளில் பொருளற்ற எழுத்துகளாகத் தெரிகின்றன. ஐடி3 இரண்டாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்கின்றது. ஃபிளாக், வோர்பிஸ், ஓப்பஸ் ஆகியவற்றில் யுடிஎஃப்-8 மட்டுமே வரையறுக்கப்பட்டுள்ளதால், தமிழில் எழுதிய விவரம் குழப்பமின்றி நிலைக்கும்.

வடிவத்தைத் தெரிவு செய்தல்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நடைமுறை பொருத்தமானது எனலாம்.

* மூலப்படி: ஒவ்வொரு தகட்டையும் ஒருமுறை, பிழை சரிபார்த்து, ஃபிளாக்கில் சேமித்தல். ஆப்பிள் கருவிகளை மட்டும் பயன்படுத்துவோர் அலாக்கைக் கொள்ளலாம். இரண்டும் இழப்பற்றவை என்பதால் ஒன்றை மற்றொன்றாக இழப்பின்றி மாற்ற முடியும்.
* பயன்பாட்டுப்படி: கைபேசிக்கு ஏஏசி அல்லது ஓப்பஸ், பழைய ஒலிப்பான்கள், வாகனக் கருவிகளுக்கு எம்பி3. இவற்றை மூலப்படியிலிருந்தே உருவாக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றை உருவாக்குதல் கூடாது.
* காப்புப்படி: மூலப்படியின் இரண்டு நகல்கள் வெவ்வேறு வன்தட்டுகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருப்பது நன்று.

தகட்டையும் உறையையும் பாதுகாத்து வைத்தல் நலம். உறையில் உள்ள கலைஞர் விவரங்கள் பல எந்தத் தரவுத்தளத்திலும் இருப்பதில்லை. ஆனால் தகடுகளும் அழியக் கூடியவையே. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகர ஆலை ஒன்றில் உருவான தகடுகள் பல, பழுப்பு நிறமாகிப் படிக்க இயலாதவை ஆயின. வீட்டில் எழுதப்பட்ட தகடுகளின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதையக்கூடியது. ஆகையால் மறுபதிப்புக் காணாத தகடுகளையும் வீட்டில் எழுதிய தகடுகளையும் முதலில் மாற்றுதல் வேண்டும்.

சட்ட நிலை

தனிப் பயன்பாட்டுக்குப் படியெடுப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2014இல் இத்தகைய விலக்கு அளிக்கப்பட்டு, 2015இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. கோப்புகளைப் பிறருக்குப் பகிர்வது இவ்விலக்குகளில் அடங்காது.