பிள்ளையார்பட்டிக்கு வழி சொல்லும் ருபிடியம்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பும் வெளியூர் கார்கள் இப்போதெல்லாம் யாரிடமும் வழி கேட்பதில்லை. கற்பக விநாயகரைப் பார்க்க வரும் சதுர்த்திக் கூட்டத்துக்கும் போன் மேப்தான் துணை. அந்த மேப்புக்கு மணி பார்த்துச் சொல்வது, இரண்டாகப் பிளந்த ஒரு நிறமாலைக் கோடு.

செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் கணக்கில் 300 மீட்டர் உதைக்கும். குவார்ட்ஸை மட்டும் நம்பி இந்தத் துல்லியத்தை நாள் முழுக்கக் காப்பாற்ற முடியாது.

துணைக்கு வருவது அணுக்களின் நிறமாலை. அதில் ஒற்றைக் கோடாகத் தெரிபவை உண்மையில் நெருக்கமான பல கோடுகள் என்பதை இயற்பியலாளர் மைக்கேல்சன் 1891-லேயே கண்டார். 1924-ல் இன்னோர் இயற்பியலாளர் பவுலி, அணுக்கருவின் சுழற்சிதான் காரணம் என்று ஊகித்தார். சுழலும் கரு ஒரு குட்டிக் காந்தம், எலெக்ட்ரானும் அப்படியே. இரண்டும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதைப் பொறுத்து அணுவின் ஆற்றல் துளி மாறும். இதுதான் மீநுண் அமைப்பு. ருபிடியம் என்ற தனிமத்தின் ஒரு வகையான ருபிடியம்-87 அணுவில், இப்படிப் பிரிந்த மேல், கீழ் ஆற்றல் படிகளின் இடைவெளி விநாடிக்கு 683 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் அதிர்வுகள். எந்த ருபிடியம்-87 அணுவை எடுத்தாலும் இதே கணக்கு.

ருபிடியம் கடிகாரத்துக்குள் நடப்பது அழகான தந்திரம். ருபிடியம்-87 விளக்கின் ஒளியில் பிளந்த கோடுகள் இரண்டும் இருக்கும். வழியில், அதே தனிமத்தின் இன்னொரு வகையான ருபிடியம்-85 ஆவி நிரப்பிய குப்பி ஒன்று. அது ஒரு கோட்டை விழுங்கிவிட்டு மற்றதை விடுகிறது. மிஞ்சிய ஒளி அடுத்த குப்பியிலுள்ள 87 அணுக்களைக் கீழ்ப்படியிலிருந்து கிளப்பி, கடைசியில் மேற்படியில் குவித்துவிடும். பிறகு அந்த ஒளியை உறிஞ்ச ஆளில்லை. தடையின்றிக் கடந்து போகும். அப்போது சரியான அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் பாய்ச்சினால் அணுக்கள் திரும்பக் கீழிறங்கி ஒளியை உறிஞ்சும். வெளிச்சம் லேசாக மங்கும். அந்த மங்கலை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடும்படி குவார்ட்ஸைக் கட்டிப்போடுகிறார்கள். ஒரு சிறிய பெட்டிக்குள் இத்தனையும்!

இப்படி வழிகாட்டும் இந்தியாவின் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் முதலில் வெளிநாட்டு ருபிடியம் கடிகாரங்களை நம்பியது. 2013-ல் ஏவிய அதன் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இருந்த மூன்று கடிகாரங்களும் செயலிழந்தன. இனி நாமே செய்தாக வேண்டும் என்ற நிலை. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய கடிகாரம், 2023 மே 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் ஏறிப் போனது. என் கணக்கில் இது சந்திரயானுக்குச் சற்றும் குறையாத சாதனை, கைத்தட்டல்தான் குறைவு. அடுத்த என்.வி.எஸ்-02, 2025 ஜனவரியில் விண்ணுக்குப் போயும் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. இந்த முறை குற்றவாளி கடிகாரம் அல்ல, திறக்க மறுத்த வால்வு.