கூட்டலில் சேராத கேள்வி

மனச்சோர்வைக் கண்டறிய உலகமெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தாள் உண்டு. பெயர் பி.ஹெச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரங்களில் எதிலாவது நாட்டம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டாலே மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

தாளின் அடியில் இன்னொரு கேள்வி இருக்கும். இந்தத் தொல்லைகளால் உங்கள் வேலையைச் செய்வதும், வீட்டுக் காரியங்களைப் பார்ப்பதும், மற்றவர்களோடு பழகுவதும் எவ்வளவு சிரமமாகியிருக்கிறது? இதன் பதில் கூட்டலில் சேராது. பதின்பருவப் பிள்ளைகள் விஷயத்தில் நான் முதலில் படிக்க விரும்புவது இந்தப் பதிலைத்தான்.

ஒரு பிளஸ் ஒன் மாணவியை நினைத்துப் பாருங்கள். மார்க் குறையவில்லை. ஆனால், முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த கணக்குப் பயிற்சிக்கு இப்போது நள்ளிரவு ஆகிறது. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் அழித்து அழித்து எழுதுகிறாள். திங்கட்கிழமை காலை வந்தால் வயிற்றுவலி. டிபன் பாக்ஸ் பாதி சோற்றோடு திரும்புகிறது. தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பேசி வெகுநாளாயிற்று. கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, தூக்கம் வருது.” இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, எரிச்சலாகவும் வரும். வீட்டில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் விழுந்துவிடும். ரேங்க் கார்டு ஒன்றையே பார்த்துப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டும் நம் வழக்கம் எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. இவள் இழந்துகொண்டிருக்கும் எதுவும் அந்த அட்டையில் ஏறாது.

அப்படி ஏறாததைக் கேட்கும் தாளும் உண்டு. லண்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் 25 வரிகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டார். சுருக்கப் பெயர் எஸ்.டி.க்யூ. கவலை, அடம், துறுதுறுப்பு, நட்பு, பிறருக்கு உதவும் குணம் எல்லாம் அதில் உண்டு. 1999-இல் அதோடு ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். பிள்ளைக்கு ஏதோ சிக்கல் இருக்கிறது என்று பதில் வந்தால், அது எத்தனை நாளாக இருக்கிறது, பிள்ளையை எவ்வளவு வாட்டுகிறது, வீட்டு வாழ்க்கை, நட்பு, வகுப்பில் படிப்பு, ஓய்வுநேரம் என்ற நான்கில் எங்கெங்கே குறுக்கே நிற்கிறது என்று அது கேட்கும். “கொஞ்சம்தான்” என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. “நிறைய” என்றால் 1, “மிக மிக” என்றால் 2.

மனநல மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளையும் வெளியே இருந்த பிள்ளைகளையும் இந்தத் தாளால் பிரித்துப் பார்த்தபோது, அறிகுறிகளின் கணக்கைவிட இந்தப் பாதிப்பின் கணக்கே தெளிவாகப் பிரித்துக் காட்டியது. எவ்வளவு கவலை என்பதைவிட, அந்தக் கவலை அன்றாடத்திலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்பதே கூடுதலாகச் சொல்லியிருக்கிறது.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தனித்தனித் தாள்கள். ஆசிரியரிடம் சக மாணவர்களோடு பழகுவதையும் வகுப்பில் படிப்பதையும் மட்டும் கேட்பார்கள். வீட்டில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்வதும் மகள் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. அம்மா பார்ப்பது மூடிய கதவை, மகளுக்குத் தெரிவது கதவுக்கு உள்ளே இருக்கும் இரவு. இரண்டையும் கேட்டால்தான் ஒரு நாள் முழுசாகத் தெரியும்.

இப்படிக் கேட்கவேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்? நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர்.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கடந்துவிடக் கூடாத வேறொரு கேள்வியும் உண்டு: பி.ஹெச்.க்யூவின் ஒன்பதாவது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கும். மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஒன்றில் 0 இல்லையென்றால் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சை தொடங்கிய பிறகு கொடுக்க, எஸ்.டி.க்யூவில் தனித் தாள் இருக்கிறது. வழக்கமான வரிகளோடு, சிகிச்சைக்கு வந்தபின் சிக்கல் குறைந்ததா என்றும் அது கேட்கும். அடுத்த கேள்வி: வேறு வகையில் ஏதும் உதவியாக இருந்ததா, சிக்கலைத் தாங்கிக்கொள்ள முடிகிறதா?